500 டாலர், 18 வாரங்கள்: டெய்லி ஃபேண்டஸியில் கையிருப்பைப் பிரிக்க எந்த வழி?

நிஜ வீரர்களைத் தேர்ந்து லைனப், அதாவது ஒரு கற்பனை அணி, அமைத்து, அவர்கள் ஆட்டத்தில் எடுக்கும் புள்ளிகளை வைத்துப் பணம் கட்டி மோதுவதுதான் டெய்லி ஃபேண்டஸி. அதை நடத்தும் டிராஃப்ட்கிங்ஸ் தளத்திலோ ஃபேன்டூயல் தளத்திலோ 500 டாலர் போட்டு என்எஃப்எல் என்ற அமெரிக்கக் கால்பந்து லீகின் சீசனைத் தொடங்குகிறவர் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். பேங்க்ரோலில், அதாவது ஆடுவதற்கென்று ஒதுக்கிய கையிருப்பில், ஒரு நாளைக்கு 10 சதவீதத்துக்கு மேல் இறக்காதே; இறக்குவதில் 80 பங்கு, ஏறக்குறைய பாதிப் பேருக்குச் சமப் பரிசு தரும் கேஷ் கேம்; 20 பங்கு, முதல் சில இடங்களுக்குப் பெரும்பரிசு தரும் டோர்னமென்ட். பல வருடங்களாகக் கைமாறி வரும் இந்த விதி பொய்யில்லை, ஆனால் பாதி விதி. அந்த 10 சதவீதம் எந்த வகைப் போட்டிக்குப் போகிறது, எத்தனை தனித்தனி முடிவுகளாகப் பிரிகிறது என்பதைச் சொல்லாமல் விட்டால், ஜெயிக்கத் தெரிந்தவரின் பணம்கூடக் கரையும். கீழே உள்ள கணக்குகள் அதைத்தான் காட்டுகின்றன.

இது அமெரிக்காவில் ஆடுகிறவர்களுக்கான ஒப்பீடு. இந்தியாவில் 2025 ஆகஸ்டில் வந்த மத்திய அரசின் ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை மொத்தமாகத் தடை செய்தது; ட்ரீம்11 உட்படப் பெரிய நிறுவனங்கள் கட்டணப் போட்டிகளை நிறுத்திவிட்டன. அமெரிக்காவிலும் மாநிலத்துக்கு மாநிலம் நிலைமை வேறு. வாஷிங்டன், ஐடஹோ, ஹவாய் மாநிலங்களில் இந்த இரண்டு நிறுவனங்களும் கட்டணப் போட்டி நடத்துவதில்லை. கலிஃபோர்னியாவில் டெய்லி ஃபேண்டஸி மாநிலச் சட்டத்துக்கு முரணானது என்று அதன் அட்டர்னி ஜெனரல் 2025 ஜூலையில் கருத்துரை வெளியிட்டிருக்கிறார். எங்கே இருக்கிறீர்கள் என்பதைப் பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

கமிஷனைத் தாண்ட எத்தனை ஜெயிக்க வேண்டும்

கையிருப்பைப் பற்றிய எந்தப் பேச்சும் ரேக்கில், அதாவது நிறுவனம் எடுத்துக்கொள்ளும் கமிஷனில், தொடங்க வேண்டும். 10 டாலர் ஹெட்-டு-ஹெட்டில், அதாவது ஒருவரோடு ஒருவர் மோதும் போட்டியில், இருவரும் சேர்ந்து 20 டாலர் கட்டுகிறார்கள். ஜெயித்தவருக்கு 18 கிடைக்கிறது. பலர் சேரும் ஃபிஃப்டி-ஃபிஃப்டியில் மேல்பாதியில் முடிப்பவர்களுக்கு ஆளுக்கு 18. இரண்டிலும் நட்டமில்லாமல் நிற்பதற்கே 100-க்கு 55.6 தடவை ஜெயிக்க வேண்டும். அதாவது 55 சதவீதம் ஜெயிக்கிறவர், எதிரிகளைவிடத் திறமையானவராக இருந்தும், நட்டத்தில் இருக்கிறார்.

டபுள்-அப் பார்வைக்கு இனிப்பாக இருக்கும்: கட்டியதற்கு முழு இரட்டிப்பு. ஆனால் அங்கே பரிசு பெறுவோர் பாதிக்கும் குறைவு. 115 பேர் சேரும் போட்டியில் 50 பேருக்குத்தான் இரட்டிப்பு என்றால், 43.5 சதவீத இடங்களே பரிசுக்கு உரியவை. கமிஷன் 13 சதவீதம். போட்டியில் சேரும் முன் பரிசுப் பட்டியலைத் திறந்து, பரிசு பெறும் இடங்களைப் பரிசுத் தொகையால் பெருக்கி, மொத்த வசூலோடு ஒப்பிடுங்கள். அரை நிமிட வேலை. இரண்டு போட்டிகள் ஒன்றுபோல் தெரியும்போது கமிஷன் குறைந்ததை எடுப்பது, லைனப்பைத் தொடாமலே வருமானத்தைக் கூட்டும் எளிய வழி.

கையிருப்பை எவ்வளவு நன்றாகப் பிரித்தாலும், 55.6-ஐத் தாண்டாதவரை அது லாபமாக மாறாது. பிரிக்கும் முறை, பணம் தீரும் வேகத்தை மட்டுமே முடிவு செய்யும். இதைச் சொல்லாமல் கையிருப்பு அறிவுரை தருவது நேர்மையில்லை. 2015 பேஸ்பால் சீசனின் முதல் பாதியை மெக்கின்சி ஆய்வு செய்தபோது, ஆட்டக்காரர்கள் எடுத்த லாபத்தில் 91 சதவீதம் வெறும் 1.3 சதவீதம் பேரிடம் போயிருந்தது.

நான்கு வழிகள், ஒரே 100 ஸ்லேட்

ஒன்றாகப் பூட்டப்படும், அதாவது ஒரே நேரத்தில் நுழைவு மூடப்படும், ஆட்டங்களின் தொகுப்பை ஸ்லேட் என்கிறார்கள். ஃபிஃப்டி-ஃபிஃப்டி மட்டும் ஆடி, 100 ஸ்லேட்டில் 57 ஜெயித்து 43 தோற்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். கமிஷனைத் தாண்டியவர், ஆகவே நல்ல ஆட்டக்காரர். கையிருப்பு 500 டாலர்.

முதல் வழி நிலையான தொகை: ஒவ்வொரு முறையும் 50 டாலர். ஜெயித்தால் 40 கூடும், தோற்றால் 50 போகும். 57 வெற்றிக்கு 2,280. 43 தோல்விக்கு 2,150. முடிவில் 130 டாலர் லாபம்.

இரண்டாம் வழி, பலரும் சொல்லும் சதவீத முறை: அன்றைய கையிருப்பில் 10 சதவீதம். ஜெயித்தால் கையிருப்பு 1.08 மடங்கு, தோற்றால் 0.9 மடங்கு. அதே 57 வெற்றி, அதே 43 தோல்வி. முடிவில் கையில் இருப்பது சுமார் 433 டாலர். வெற்றி தோல்வி எந்த வரிசையில் வந்தாலும் இதே எண்தான். ஜெயிக்கும் ஆட்டக்காரர் 67 டாலர் இழந்து நிற்கிறார்.

தவறு திறமையில் இல்லை. 10 சதவீத இழப்பை ஈடுகட்ட 11 சதவீதத்துக்கு மேல் ஏற வேண்டும், ஆனால் ஒரு வெற்றி 8 சதவீதம்தான் ஏற்றுகிறது. 57 சதவீத வெற்றி விகிதம் இந்த இடைவெளியை நிரப்பப் போதாது. 60 சதவீதம் என்றால் நிரம்பிவிடும். ஆக, 10 சதவீத விதி பேசாமல் ஒன்றைக் கேட்கிறது: நீ 60 சதவீதம் ஜெயிக்கிறவனாக இருக்க வேண்டும், அல்லது அந்தப் பணத்தை ஒரே முடிவில் வைக்கக் கூடாது. அதே ஆட்டக்காரர் 5 சதவீதம் வைத்திருந்தால் முடிவில் 515, 3 சதவீதம் வைத்திருந்தால் 521. குறைவாக வைத்தவர் அதிகம் சம்பாதிக்கிறார்.

அப்படியானால் நிலையான 50 டாலரே மேல் என்று தோன்றும். அதன் விலை வேறு இடத்தில் ஒளிந்திருக்கிறது. அந்த 130 டாலர் லாபம், நடுவில் கையிருப்பு தீராமல் இருந்தால்தான். 57 சதவீதத் திறமையோடு 500-ஐ ஐம்பது ஐம்பது டாலராக வைக்கிறவர்களில் தோராயமாக ஐந்தில் ஒருவர் 100 ஸ்லேட் முடியும் முன்பே மேற்கொண்டு கட்ட முடியாத நிலைக்கு வந்துவிடுவார். சதவீத முறையில் அப்படி ஒரேயடியாக முடிந்துபோவதில்லை. பத்து தோல்வி தொடர்ந்தாலும் 10 சதவீதம் வைத்தவருக்கு 174 டாலர் மிஞ்சும், 5 சதவீதம் வைத்தவருக்கு 299. நிலையான தொகையை விரும்புகிறவர் ஒரு தடவை வைக்கும் அலகைப் 15 டாலராகக் குறைத்து, கையிருப்பு பாதியானால் அலகையும் பாதியாக்க வேண்டும். அந்த இரண்டாம் பகுதியைச் செய்யாமல் விடுவதுதான் இந்த முறையில் வழக்கமாக நடக்கும் தவறு.

மூன்றாவது கெல்லி சூத்திரம்: வெற்றி விகிதத்தையும் பரிசையும் கொண்டு கையிருப்பில் எவ்வளவு வைக்கலாம் என்று சொல்வது. பெல் ஆய்வகத்தில் இருந்த ஜான் கெல்லி 1956-இல் வெளியிட்டது. நம் 1.8 மடங்கு போட்டிக்கு அதைப் போட்டுப் பார்த்தால், 56 சதவீதம் ஜெயிக்கிறவர் கையிருப்பில் 1 சதவீதம் வைக்கலாம். 57 என்றால் 3.25; 58 என்றால் 5.5, 60 என்றால் 10, 55 என்றால் ஆடவே கூடாது. இந்த எண்களை மெதுவாகப் படித்தால் சிக்கல் விளங்கும். வெற்றி விகிதத்தில் ஒரே ஒரு புள்ளி பிசகினால் வைக்க வேண்டிய தொகை சில இடங்களில் மும்மடங்கு மாறுகிறது. உங்கள் வெற்றி விகிதம் அவ்வளவு துல்லியமாக உங்களுக்குத் தெரியுமா? 100 ஸ்லேட் ஆடி 57 ஜெயித்தவரின் உண்மையான விகிதம் 52-ஆகவும் இருக்கலாம், 62-ஆகவும் இருக்கலாம். 100 என்ற எண்ணிக்கை தரும் தெளிவு அவ்வளவுதான். கெல்லியைத் தொகை முடிவு செய்யப் பயன்படுத்த வேண்டாம். மேல்வரம்பாகப் பயன்படுத்துங்கள்: நம்பிக்கையோடு சொல்லக்கூடிய விகிதத்துக்குச் சூத்திரம் தருவதில் கால் பங்கு. 58 என்று நம்பினால் 1.4 சதவீதம்.

நான்காவது வழியைச் சூத்திரம் தெரிந்தவர்கள் கண்டுகொள்வதில்லை, ஆனால் என்எஃப்எல் ஆடுகிறவர்களில் பெரும்பாலானோருக்கு அதுதான் சரி: சீசன் பட்ஜெட். வழக்கமான சீசன் 18 வாரங்கள். 500-ஐ 18-ஆல் வகுத்தால் 27.78, வாரம் 27 டாலர். ஜெயித்தது எதுவும் அந்த சீசனில் மறுபடி இறங்காது, தோற்றாலும் அடுத்த வாரம் அதே 27. மிக மோசமாகப் போனாலும் ஜனவரி வரை ஆடலாம், இழப்பின் எல்லை முதல் நாளிலேயே தெரியும். விட்டதைப் பிடிக்கிறேன் என்று ஞாயிறு மாலை ஆட்டத்துக்கு இரட்டிப்பாக வைக்கும் கை, இந்த முறையில் கட்டப்பட்டிருக்கும். வளர்ச்சி மெதுவாகத்தான் இருக்கும். ஆனால் 18 முடிவுகளை வைத்து வேகமாக வளர நினைப்பதற்கு அடிப்படையே இல்லை என்பதை அடுத்து பார்க்கலாம்.

போட்டியை எண்ணாதீர்கள், ஸ்லேட்டை எண்ணுங்கள்

‘இந்த சீசனில் 400 போட்டி ஆடினேன், 230 ஜெயித்தேன்’ என்று ஒருவர் சொன்னால், முதலில் கேட்க வேண்டியது எத்தனை லைனப் என்று. ஒரே லைனப்பை 20 ஃபிஃப்டி-ஃபிஃப்டியில் போட்டால் இருபதும் பெரும்பாலும் சேர்ந்தே ஜெயிக்கும், சேர்ந்தே தோற்கும். பந்தை வீசும் முக்கிய வீரரான குவார்ட்டர்பேக் முதல் பாதியிலேயே காயப்பட்டு வெளியேறினால் இருபதிலும் அவர்தானே இருக்கிறார். அது 20 முடிவு அல்ல, ஒன்று. ஞாயிறு மதிய ஸ்லேட்டில் ஒன்று, முழு நாள் ஸ்லேட்டில் ஒன்று என்று இரண்டு லைனப் போட்டு, இரண்டிலும் அதே ஐந்து வீரர்களை வைத்தால் அதுவும் ஏறக்குறைய ஒன்றே. அன்றைய வரம்பை எல்லாப் போட்டிகளையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். போட்டிக்குப் போட்டி 3 சதவீதம் என்று வைத்து, பார்க்காமலே கையிருப்பில் 30 சதவீதத்தை ஒரே வீரரின் முழங்காலில் ஏற்றிவிடுகிறவர்கள் நிறைய.

இதனால்தான் விளையாட்டுக்கு விளையாட்டு வழி மாறுகிறது. என்எஃப்எல்லில் வருடத்துக்கு 18 பெரிய ஞாயிறுகள்; ஒரு சீசனின் பதிவு ஆட்டக்காரரைப் பற்றி ஏறக்குறைய எதுவும் சொல்லாது. 57 சதவீதம் ஜெயிக்கிறவருக்கும் ஐந்து ஞாயிறு தொடர்ந்து தோற்க எட்டில் ஒரு பங்கு வாய்ப்பு ஒவ்வொரு சீசனிலும் உண்டு. கூடைப்பந்து லீகான என்பிஏவிலும் பேஸ்பாலிலும் பல மாதங்கள் கிட்டத்தட்ட தினமும் ஸ்லேட் உண்டு; அங்கே சதவீத முறைக்குப் பொருள் வருகிறது. என்பிஏவில் ஒருவர் எத்தனை நிமிடம் களத்தில் இருப்பார் என்பதை ஓரளவு கணிக்கலாம் என்பதால் புள்ளிகள் அவ்வளவு தாவுவதில்லை. ஆட்டத்துக்கு முந்தைய ஒரு மணி நேரச் செய்தியைப் பின்தொடர முடிகிறவருக்கு மட்டுமே அந்த நிதானம் பயன்படும். பேஸ்பாலில் நல்ல பேட்டரும் ஒரு நாள் பூஜ்யம் எடுப்பது சாதாரணம். என்பிஏவுக்கு 3 சதவீதம் வைக்கிறவர் பேஸ்பாலுக்கு 2-க்கு இறங்குவது நல்லது.

சதவீத முறையைத் தேர்ந்தால் கையிருப்பை வாரத்துக்கு ஒரு தடவை மட்டும் கணக்கிடுங்கள், திங்கள் இரவு ஆட்டம் முடிந்த பிறகு. நடு நாளில் கணக்கிட்டால், இன்னும் முடியாத போட்டியின் தற்காலிக வெற்றியை வைத்துத் தொகையைக் கூட்டும் சபலம் வரும்.

அதே பணத்தை எங்கே வைப்பது

50 டாலரை ஒரே லைனப்போடு ஃபிஃப்டி-ஃபிஃப்டியில் வைத்தால் 90 அல்லது பூஜ்யம். அதையே 2 டாலர் ஹெட்-டு-ஹெட் 25-ஆகப் பிரித்தால் படிக்கட்டு போல் வரும். லைனப் சுமாராகப் போய் 10 பேரை மட்டும் ஜெயித்தால் 36 டாலர் திரும்பும். 15 என்றால் 54. 18 என்றால் 64.80. ஏற்ற இறக்கம் தோராயமாக 40 சதவீதம் குறைகிறது. சிறிய கையிருப்புக்கு ஹெட்-டு-ஹெட் என்று எல்லோரும் சொல்வது இதனால்தான்.

ஆனால் இந்த நிதானம் இலவசமில்லை. ஃபிஃப்டி-ஃபிஃப்டியில் நீங்கள் தாண்ட வேண்டியது கூட்டத்தின் நடுக்கோட்டை. அது பெரிதாக அசையாது. ஹெட்-டு-ஹெட்டில் எதிரே இருப்பது ஒரு தனி லைனப், அதற்கும் நல்ல நாள் உண்டு. ஆகவே ஃபிஃப்டி-ஃபிஃப்டியில் 57 சதவீதம் ஜெயிக்கும் அதே லைனப், அதே தரமான எதிரிகளிடம் ஹெட்-டு-ஹெட்டில் சுமார் 55 தான் ஜெயிக்கும். அது நட்டக் கோட்டுக்குக் கீழே. 60 என்றால் சுமார் 57. ஹெட்-டு-ஹெட் லாபம் தருவது எதிரியைத் தேர்ந்தெடுக்கும்போதுதான். லாபியில், அதாவது தளத்தின் போட்டிப் பட்டியலில், காத்திருப்பவர்களின் பெயருக்குப் பக்கத்தில் உள்ள அனுபவக் குறியைப் பாருங்கள். ஒரே பெயர் பத்து கட்டண நிலைகளிலும் நின்றால் விலகுங்கள். நீங்களே போட்டியைத் திறந்து காத்திருந்தால், உங்களைத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் அப்படிப்பட்டவர்தான். அனுபவசாலி என்று யாரைச் சொல்வது என்பதற்கு மாசசூசெட்ஸ் 2016-இல் கொண்டுவந்த விதியில் வரையறை உண்டு: 1,000 போட்டிக்கு மேல் ஆடியவர், அல்லது 1,000 டாலரும் அதற்கு மேலுமான பரிசை மூன்று தடவைக்கு மேல் பெற்றவர். அதே விதியில் 51-க்கும் குறைவான போட்டிகளில் ஆடியவர் தொடக்கநிலை ஆட்டக்காரர். புதியவர்களுக்கு மட்டுமான போட்டிகள் மிக மதிப்புள்ளவை; அவற்றைக் கரைத்துவிடாதீர்கள். முதல் ஞாயிறே 25 காசு ஹெட்-டு-ஹெட் நாற்பதில் சேர்ந்தால் அந்தச் சலுகையில் பெரும்பகுதி ஒரே நாளில் தீர்ந்துவிடும்.

டோர்னமென்டுக்கு வேறு பை வேண்டும். பெரிய போட்டிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குப் பரிசு. ஆனால் அடிமட்டப் பரிசு கட்டணத்தைப் போல் இரண்டு மடங்குதான். 22 சதவீதம் தடவை பரிசு பெறுகிறவர் எல்லாம் அடிமட்டத்திலேயே நின்றால் கட்டிய ஒவ்வொரு டாலருக்கும் 44 காசு திரும்பும். மீதி 56 காசும் அதற்கு மேலான லாபமும் முதல் சில இடங்களிலிருந்து வர வேண்டும். நூறில் ஒரு தடவை அங்கே போகிறவருக்கு, வாரம் ஒரு ஸ்லேட் கணக்கில், அது ஐந்து சீசனுக்கு மேல் காத்திருப்பு. அந்தப் பணத்தை அன்றே செலவழிந்ததாக எழுதிவிடுங்கள். கேஷ் கேம் பையிலிருந்து ஒரு காசும் அங்கே மாற்றாதீர்கள்.

5 டாலர் டோர்னமென்ட் பணத்துக்கு இரண்டு வழி: 25 காசு போட்டியில் 20 லைனப், அல்லது 5 டாலர் ஒற்றை நுழைவுப் போட்டியில் ஒன்று. ஒற்றை நுழைவே மேல். பல நுழைவுப் போட்டியில் 150 லைனப் வரை போடலாம்; 20 டாலர் போட்டியில் அது 3,000 டாலர். அந்தத் தொகை கையிருப்பில் 2 சதவீதமாக இருக்க 1,50,000 டாலர் வேண்டும். அப்படிப்பட்டவர்களோடு 20 லைனப்பை வைத்துக்கொண்டு மோதுவதைவிட, எல்லோரும் ஆளுக்கு ஒரு லைனப்போடு வரும் இடம் நல்லது. சேரும் முன் முதல் பரிசை மொத்தப் பரிசால் வகுத்துப் பாருங்கள். 20 சதவீதத்துக்கு மேல் போனால் நடுவில் உள்ள பரிசுகள் ஒல்லியாக இருக்கும், சின்னக் கையிருப்புக்கு அது ஆகாது. உத்தரவாதப் பரிசு கொண்ட போட்டி பூட்டும் நேரம் வரை நிரம்பாமல் இருந்தால் மட்டும் மனதை மாற்றிக்கொள்ளலாம்: குறையும் தொகையை நிறுவனம் போடுகிறது, உங்கள் கமிஷன் சுருங்குகிறது.

27 டாலர் வாரம் எப்படி இருக்கும்

என்எஃப்எல் மட்டும் ஆடுகிறவருக்கு எங்கள் தேர்வு சீசன் பட்ஜெட்: ஒற்றை நுழைவு ஃபிஃப்டி-ஃபிஃப்டியில் 10 டாலர், தேர்ந்த எதிரிகளோடு 2 டாலர் ஹெட்-டு-ஹெட் ஆறு, ஒற்றை நுழைவு டோர்னமென்டில் 5. எல்லாவற்றுக்கும் ஒரே நாள், கேஷ் கேமுக்கு ஒரே லைனப். என்பிஏவோ பேஸ்பாலோ வாரத்துக்கு நான்கு நாளாவது ஆடுகிறவர் 2 முதல் 3 சதவீதம், வாரம் ஒரு தடவை மறுகணக்கு. 10 சதவீதம் என்பதை, 300 ஸ்லேட்டாவது தாண்டி 60-ஐ ஒட்டிய பதிவு கையில் இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

நடைமுறையில் திட்டத்தைக் கெடுப்பவை சின்ன விஷயங்கள். யாரும் சேராத ஹெட்-டு-ஹெட் பூட்டும் நேரத்தில் ரத்தாகி, கட்டணம் திரும்பிவிடும். ஆறு போட்டது மூன்றாக நின்றால் அந்த 6 டாலரைக் கடைசி நிமிடத்தில் கண்ணில் பட்ட டபுள்-அப்பில் தள்ளாதீர்கள், அடுத்த வாரத்துக்கு விடுங்கள். வீரர்களை நிரப்பாமல் இடம் மட்டும் பிடித்து வைத்த நுழைவு, மறந்துவிட்டால் காலியாகவே பூட்டப்பட்டு, கட்டிய பணம் போய்விடும். வார இறுதியில் தேதி, விளையாட்டு, போட்டி வகை, கட்டணம், திரும்பிய தொகை, எத்தனை சதவீத எதிரிகளைத் தாண்டினீர்கள் என்று ஆறு கட்டங்களில் எழுதிவிட வேண்டும். கேஷ் கேமையும் டோர்னமென்டையும் தனித்தனித் தாளில். ஒரு டோர்னமென்ட் பரிசு மூன்று மாதக் கேஷ் கேம் நட்டத்தை மூடி மறைப்பது அப்போதுதான் தெரியும்.

பணம் எங்கே இருக்கிறது என்பதும் கையிருப்பு மேலாண்மையே. 2017-இல் ஃபேண்டஸி ஏசஸ் என்ற தளம் திவாலானபோது கணக்கில் இருந்த ஆட்டக்காரர்களின் பணம் சிக்கிக்கொண்டது. இரண்டு வாரத்துக்குத் தேவையானதை மட்டும் தளத்தில் வைத்து, மீதியைத் தனிச் சேமிப்புக் கணக்கில் வைக்கலாம். தளத்தின் அமைப்புகளில் மாத வைப்பு வரம்பு உண்டு. சீசன் தொடங்கும் முன், நிதானமாக இருக்கும்போது அதைப் பூட்டிவிடுங்கள். வரம்பை உயர்த்தத் தோன்றுகிறது, வாடகைப் பணத்தின் மேல் கண் போகிறது என்றால் 1-800-426-2537 என்ற உதவி எண் அமெரிக்கா முழுவதும் இயங்குகிறது. 2025 வரை, வருட நிகர வெற்றி 600 டாலரைத் தொட்டால் 1099 என்ற வரிப் படிவம் வந்தது. 2026 முதல் அந்த வரம்பு 2,000. படிவம் வராவிட்டாலும் வருமானம் வரிக்கு உட்பட்டதுதான், ஆகவே பெரிய பரிசு ஏதும் வந்தால் அதில் கால் பங்கையாவது கையிருப்பில் சேர்க்காமல் வரி கட்டும் ஏப்ரல் மாதத்துக்கு எடுத்து வையுங்கள்.